மூன்று மாத்திரைதானே டாக்டர், இன்னொரு அட்டை போடலாமா?

ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான்.

அவருடைய மாமனாருக்கு 71 வயது. நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ‘இதயத்தோட பம்பிங் கொஞ்சம் கம்மி’ என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், காலையில் ஒரு நீர் மாத்திரை, அதோடு இதயத்துக்கு டிஜாக்ஸின் என்ற பொடி மாத்திரை ஒன்று. இவை தினமும் உண்டு.

ஒன்பது நாளாக அவருக்கு இருமல். சளி லேசான மஞ்சளில் வருகிறது. காய்ச்சல் இல்லை. வாசகி தெருமுனை மெடிக்கலில் சொல்ல, அசித்ரோமைசின் 500 என்ற ஆன்டிபயாடிக்கின் மூன்று மாத்திரை அட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளும் போட்டாயிற்று, இருமல் நிற்கவில்லை. இரண்டாம் நாளிலிருந்து குமட்டல், சோறு பிடிக்கவில்லை. அதைச் சொன்னதும் அதே கடையில், குமட்டலை அடக்கும் டோம்பெரிடோன் கலந்த கேஸ் மாத்திரை. அப்புறம் ஒரு நாள் காலை பாத்ரூமிலிருந்து வரும்போது கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இப்போது கடைக்காரர், “டோஸ் பத்தலைம்மா, இன்னொரு அட்டை போட்டுடுங்க” என்கிறாராம்.

வாசகியின் கேள்விகள் நான்கு. இன்னொரு அட்டை போடலாமா? மூன்றே மாத்திரை என்பதால் இது பவர் கம்மியான ஆன்டிபயாடிக்தானே? ஆரம்பித்த ஆன்டிபயாடிக்கை நடுவில் விடக்கூடாது என்று கணவர் சொல்வது சரியா? இப்போது ஐந்து வயதுப் பையனுக்கும் இருமல் தொற்றிக்கொண்டது. போன மாதம் குழந்தை டாக்டர் எழுதித் தந்த இதே மருந்தின் சிரப் பாதி பாட்டில் பிரிட்ஜில் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா?

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: “மாமா படுத்தால்தான் இருமல் ஜாஸ்தி. ராத்திரி தலகாணியை அடுக்கி வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்குகிறது.” அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே நாலு வரி தனியாக அனுப்பினேன்: இன்னொரு அட்டை வேண்டாம், கேஸ் மாத்திரையை நிறுத்துங்கள், மாமாவின் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இன்றே அவரை இதய மருத்துவரிடம் அழைத்துப் போய் ஈசிஜி எடுங்கள், ரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள் என்று. நீங்களும் அப்படியே செய்து, என்ன நடந்தது என்று மறுபடி எழுதினீர்கள். அதைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடந்தது இன்று நிறைய வீடுகளில் நடக்கிறது. அதனால்தான் உங்கள் அனுமதியோடு இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மூன்று நாள் மருந்து, பத்து நாள் வேலை

மூன்றே மாத்திரை என்றால் பவர் கம்மி என்று நீங்கள் நினைத்தது இயல்புதான். பத்து நாள் போடும் மருந்து பெரிய மருந்து, மூன்று நாள் போடும் மருந்து சின்ன மருந்து என்று யாருக்கும் தோன்றும். இங்கே கணக்கு தலைகீழ்.

அசித்ரோமைசின் ரத்தத்தில் அதிக நேரம் தங்காமல் நுரையீரல், தொண்டைச் சதை, வெள்ளை அணுக்கள் என்று திசுக்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். உடம்பில் இருக்கிற அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 68 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். அமாக்ஸிசிலினுக்கு இதே கணக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். அதனால்தான் அதை ஒரு நாளைக்கு மூன்று வேளை விழுங்குகிறோம், இதை ஒரு வேளை. கடைசி மாத்திரை போட்டு ஒரு வாரம் கழித்தும் இந்த மருந்து திசுக்களில் இருக்கும். மூன்று நாளில் முடிகிற விருந்து என்று நீங்கள் நினைத்தீர்கள், வந்த விருந்தாளி பத்து நாள் தங்கிவிட்டுத்தான் போவார்.

ஆகவே “டோஸ் பத்தவில்லை” என்பது தவறு. நான்காம் நாள் காலை மாமாவின் உடம்பில் மருந்து இருந்துகொண்டுதான் இருந்தது. அதன் மேல் இன்னொரு அட்டையைப் போட்டால் நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். இருமல் நிற்காததற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

இந்த மருந்து எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த சங்கதி. இந்தக் குடும்பத்தில் மூத்தது எரித்ரோமைசின். பிலிப்பைன்ஸின் இலோயிலோ பகுதி மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து எடுத்து 1952இல் புழக்கத்துக்கு வந்தது. வயிற்றைப் பிசைந்து எடுக்கும், நாலு வேளை போட வேண்டும் என்று அதற்குக் கெட்ட பெயர். குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் பிலிவா நிறுவனத்து வேதியியலாளர்கள் 1980இல் அதன் வளையத்தில் ஒரு நைட்ரஜன் அணுவைச் சேர்த்து உருவாக்கியதுதான் அசித்ரோமைசின். வயிற்றுத் தொல்லை குறைந்தது, ஒரு வேளை போதும் என்றானது. அந்த வசதியே இன்று அதன் வினையாகவும் ஆகிவிட்டது. இந்தியாவில் 2019இல் தனியார் விற்பனையில் மிக அதிகமாகப் போன ஒற்றை ஆன்டிபயாடிக் எது என்று கணக்கெடுத்தபோது, முதலிடம் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைக்குத்தான்.

மாமாவின் மாத்திரை டப்பா

உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இங்கேதான். இந்த மாத்திரை நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்டால் பதில் கிடையாது. 30 வயது ஆரோக்கியமான ஆளுக்கு இது பெரும்பாலும் வயிற்றுப்போக்கைத் தாண்டி ஒன்றும் செய்யாது. டென்மார்க்கில் இளம் வயதினரையும் நடுத்தர வயதினரையும் பார்த்த ஆய்வொன்று 2013இல் வந்தது. பென்சிலின் போட்டவர்களைவிட இவர்களுக்கு இதய மரணம் கூடவில்லை என்றது அது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வோ, அமாக்ஸிசிலினோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் அசித்ரோமைசின் கோர்ஸுக்கு 47 இதய மரணங்கள் கூடுதல் என்றும், ஏற்கெனவே இதய நோய் அபாயம் மிக அதிகமாக இருக்கும் பத்தில் ஒரு பங்கினரிடம் அதுவே 245 என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. இரண்டு ஆய்வும் ஒன்றோடொன்று மோதுவதாக நான் நினைக்கவில்லை. மருந்து ஒன்றுதான், அதை விழுங்கிய ஆட்கள் வேறு. உங்கள் மாமா இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்.

காரணம் புரிய ஈசிஜி தாளை மனதில் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு துடிப்பும் முதலில் ஒரு சின்ன மேடு, அப்புறம் கூரான கோபுரம், கடைசியில் ஒரு வட்டமான மேடு என்று ஓடும். கோபுரம் தொடங்கும் இடத்திலிருந்து அந்தக் கடைசி மேடு முடியும் இடம் வரை உள்ள நேரத்தை க்யூடி என்போம். ஒரு துடிப்பு முடிந்து இதயம் அடுத்த துடிப்புக்குத் தன்னை மறுபடி சார்ஜ் செய்துகொள்ளும் நேரமும் இதற்குள் அடங்கும். தாளில் ஒரு பொடிக் கட்டம் 40 மில்லிசெகண்டு. நாடித்துடிப்புக்கு ஏற்பத் திருத்திய கணக்கில் ஆண்களுக்கு இது 450க்குள் இருந்தால் நிம்மதி. 500ஐத் தாண்டினால், அதாவது பன்னிரண்டரை பொடிக் கட்டத்துக்கு மேல் நீண்டால், எங்களுக்குக் கை நடுங்கும். சார்ஜ் ஆகி முடிப்பதற்குள் அடுத்த மின்னோட்டம் வந்து விழுந்தால் இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். ஆள் கண் இருட்டி விழுவார். சில நேரம் எழுந்திருக்க மாட்டார். அசித்ரோமைசின் அந்த இடைவெளியைக் கொஞ்சம் நீட்டும் மருந்து.

சரி, கொஞ்சம் நீட்டினால் என்ன? அந்தக் கொஞ்சத்தோடு இன்னும் யார் யார் சேர்ந்தார்கள் என்று பாருங்கள்.

நீர் மாத்திரை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் வெளியே தள்ளும். அவை குறைந்தால் அதே இடைவெளி தானாகவே நீளும். டிஜாக்ஸினின் நச்சுத்தன்மையும் கூடும். டிஜாக்ஸின் வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இடம் மிகக் குறுகல். அசித்ரோமைசின் உட்பட இந்தக் குடும்பத்து மருந்துகள் ரத்தத்தில் டிஜாக்ஸின் அளவை ஏற்றிவிடக்கூடும். டிஜாக்ஸின் ஏறினால் முதலில் தெரிவது குமட்டல், சோறு பிடிக்காமை. சிலருக்குப் பார்க்கிறதெல்லாம் மஞ்சளடித்த மாதிரி தெரியும்.

மாமாவுக்கு இரண்டாம் நாளில் வந்த குமட்டல் ஆன்டிபயாடிக்கின் சாதாரண வயிற்றுத் தொல்லையாக இருக்கலாம், டிஜாக்ஸின் ஏறியதன் அடையாளமாகவும் இருக்கலாம். கடையில் அதைக் ‘கேஸ்’ என்று முடிவு செய்து டோம்பெரிடோன் கொடுத்துவிட்டார்கள். அதுவும் க்யூடியை நீட்டும் மருந்துதான். இதயம் பலவீனமானவர்களுக்கும், க்யூடியை நீட்டும் வேறு மருந்து எடுப்பவர்களுக்கும் டோம்பெரிடோன் கூடாது என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2014இலேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் அது கேஸ் மாத்திரைக்குள் ஒளிந்துகொண்டு மிட்டாய் போலப் போகிறது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலோடு சேர்த்து ஒரே கேப்ஸ்யூலாக வருவதால் உள்ளே இரண்டு மருந்து இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னது. நாலும் ஒரே ஆளுக்குள் ஒரே வாரத்தில் சேர்ந்தன. ஆகவே பாத்ரூம் வாசலில் கண் இருட்டியதை வயசான களைப்பு என்று நான் எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

அடோர்வாஸ்டாடின் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். அசித்ரோமைசினோடு அது பெரிதாக மோதாது. மோதுவது இதன் உடன்பிறப்புகளான கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும். அவை கல்லீரலில் கொழுப்பு மாத்திரைகளை உடைக்கும் நொதியை அடைத்துவிடும். சிம்வாஸ்டாடின் எடுப்பவர்கள் அவற்றோடு சேர்த்துப் போடவே கூடாது, அடோர்வாஸ்டாடினுக்கும் அளவு பார்க்க வேண்டும். தசை கரைந்து சிறுநீரகம் வரை போகும். அல்சர் கிருமிக்குத் தரும் கூட்டு மருந்தில் பெரும்பாலும் கிளாரித்ரோமைசின் இருக்கும். நாளைக்கு யாராவது மாமாவுக்கு அதை எழுதினால் நினைவுபடுத்துங்கள்.

இருமல் யாருடையது?

இப்போது அந்தத் தலகாணி வரிக்கு வருகிறேன். படுத்தால் கூடி, உட்கார்ந்தால் அடங்கும் இருமல், பம்பிங் குறைந்த இதயத்தோடு சேர்ந்து வந்தால் அது நுரையீரலில் நீர் கோத்ததன் இருமலாக இருக்க வாய்ப்பு அதிகம். கிருமியே இல்லாத இருமல். அதற்கு உலகத்தில் உள்ள எல்லா ஆன்டிபயாடிக்கையும் கொடுத்தாலும் நிற்காது. மாலையில் காலில் செருப்பு வார் பதிந்த தடம் தெரிகிறதா, ஒரு வாரத்தில் எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறதா என்று பார்த்தால் வீட்டிலேயே பாதி பிடிபடும்.

சளி மஞ்சளாக இருந்தது என்கிறீர்கள். சளியின் நிறத்தை வைத்து பாக்டீரியாவா வைரஸா என்று சொல்ல முடியாது. நம் வெள்ளை அணுக்களின் நொதிகள்தான் அந்த நிறத்தைக் கொடுக்கின்றன, வைரஸ் சளியிலும் அவை வரும். இன்னொரு விஷயம்: சாதாரண வைரஸ் இருமல் மூன்று, நாலு நாளில் நின்றுவிட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஆய்வுகளின்படி அது சராசரியாகப் பதினெட்டு நாள் வரை இழுக்கும். எட்டாம் நாள் பொறுமை போய் அசித்ரோமைசின் போடுகிறோம், பன்னிரண்டாம் நாள் தானாகக் குறைகிறது, பெயர் மாத்திரைக்குப் போகிறது. “போன தடவை இதுதான் கேட்டுச்சு” என்று நீங்கள் எழுதியதும் அநேகமாக இந்தக் கணக்குதான். கொரோனா காலத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு வீட்டிலும் இந்த அட்டை இருந்தது. பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நடத்திய பெரிய பரிசோதனை 2021இல் வெளியானபோது, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பலன் இல்லை என்று தெரிந்தது. அதற்கு முன் நானும் எழுதிக் கொடுத்தவன்தான். கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் மட்டும் ஒன்று செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை கொடுங்கள். காசநோய்க்கான அந்தப் பரிசோதனை இலவசம்.

அப்படியானால் இந்த மருந்து எதற்குத்தான்? கக்குவான் இருமலுக்கு இதுதான் முதல் தேர்வு. சில வகை நிமோனியாவுக்கு, டைபாய்டுக்கு, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களின் தொண்டைப் புண்ணுக்கு உதவும். உண்ணிக் காய்ச்சல் என்று நம் மாநிலத்தில் மழைக்கும் பனிக்கும் நடுவே வரும் ஸ்க்ரப் டைபஸ் தெரியுமல்லவா? இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ சிகரெட் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், பலர் கவனிக்கவே மாட்டார்கள். அது முற்றிய நிலையில் டாக்சிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று, வேலூர் சிஎம்சி தலைமையில் பல இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு 2023இல் காட்டியது. உயிர் காக்கிற இடம் அது.

பாகிஸ்தானில் 2016 முதல் பரவிய ஒரு வகை டைபாய்டுக்கு வாய்வழி மருந்துகளில் ஏறக்குறைய இது ஒன்றுதான் மிச்சம். பார்த்துச் செலவழிக்க வேண்டிய பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் இதை வைத்திருப்பது இதனால்தான். பெல்ஜியத்தில் ஆரோக்கியமானவர்களுக்கு இந்த மருந்தை ஒரே ஒரு கோர்ஸ் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தொண்டையில் இருந்த கிருமிகளில் மருந்துக்கு அடங்காதவை கூடின, ஆறு மாதம் வரை அந்தக் கூடுதல் தெரிந்தது. மெதுவாக வெளியேறும் மருந்துக்கு இந்தக் குணம் உண்டு. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கி, கிருமிகளுக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போகும்.

பிரிட்ஜில் இருக்கிற பாட்டில்

பையன் 16 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகளுக்கு வழக்கமாக ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒரு வேளை, மூன்று நாள். அதாவது 160 மில்லிகிராம். உங்களிடம் இருப்பது ஐந்து மில்லியில் 200 மில்லிகிராம் உள்ள சிரப், அதனால்தான் டாக்டர் நாலு மில்லி என்று எழுதினார். இதே மருந்து ஐந்து மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள பாட்டிலாகவும் கடையில் கிடைக்கும். அடுத்த தடவை அந்தப் பாட்டில் வந்து நீங்கள் பழைய ஞாபகத்தில் நாலு மில்லியே கொடுத்தால் பாதி மருந்துதான் போகும். மாற்றி நடந்தால் இரட்டிப்பாகப் போகும். சமையலறை ஸ்பூனில் அளக்க வேண்டாம். பாட்டிலோடு வரும் மூடியோ, ஊசியில்லாத சிரிஞ்சோ நல்லது.

பாட்டில் 15 மில்லி, மூன்று நாளைக்கு 12 மில்லி போக மூன்று மில்லி மிஞ்சியிருக்க வேண்டும். பாதி மிஞ்சியிருக்கிறது என்றால் இரண்டு நாளோடு நிறுத்தியிருக்கிறீர்கள். அது நடந்து முடிந்த கதை, அதற்காக மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தப் பாட்டிலை இப்போது கொடுக்காதீர்கள். அது தூளில் தண்ணீர் கலந்து செய்த மருந்து, கலந்த பிறகு லேபிளில் போட்டிருக்கும் நாட்கள்தான் அதன் ஆயுள், பெரும்பாலும் 5லிருந்து 10 நாள். உங்களுடையது ஒரு மாதம் ஆகிவிட்டது. அதைவிட முக்கியம், பையனுக்கு இந்த மருந்தே தேவைப்படாமல் இருக்கலாம். ஓடியாடி விளையாடுகிறான், சாப்பிடுகிறான் என்றால் வெந்நீரும் படுக்கும்போது ஒரு ஸ்பூன் தேனும் போதும் (ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குத் தேன் கூடாது). மூச்சு வாங்கினால், விலா எலும்பு உள்ளே இழுத்தால், தண்ணீர்கூடக் குடிக்காமல் சோர்ந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். மிச்ச மருந்தைப் பழைய டீத்தூளில் கொட்டிப் பிசைந்து, கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

உங்கள் தங்கைக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் என்று எழுதியிருந்தீர்கள். ஆறு வாரத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தக் குடும்பத்து மருந்தைக் கொடுத்தால் இரைப்பையின் வாய் தடித்து அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. கக்குவான் போன்ற கட்டாயத்தில் டாக்டர் பார்த்துக் கொடுப்பது வேறு, வீட்டில் நாமாகக் கொடுப்பது வேறு.

டாக்டரே எழுதித் தந்தால் எப்படிப் போடுவது?

தினமும் ஒரே நேரத்தில் போடுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகும் போடலாம், வயிற்றுக்கு அதுதான் இதம். ஜெலுசில் மாதிரி அமிலத்தைத் தணிக்கும் மருந்து குடிக்கிறவர்கள் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், சேர்த்துக் குடித்தால் ஆன்டிபயாடிக் சரியாக ஏறாது. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டு, மூன்று தடவை வயிறு போனால் பயப்பட வேண்டாம். ரத்தத்தோடு போனால், கண் மஞ்சளாகிச் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், காது அடைத்தாற்போல் இரைந்தால், உடம்பெல்லாம் தடித்து முகம் வீங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு படபடத்துக் கண் இருட்டினாலோ, மயங்கி விழுந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம்.

கணவர் சொல்வது பாதி சரி. நோயைக் கண்டுபிடித்து டாக்டர் எழுதிய கோர்ஸை, உதாரணமாக டைபாய்டுக்கு ஏழு நாள் என்றால், காய்ச்சல் விட்டதும் நிறுத்தக்கூடாது. நோயே தெரியாமல் நாமாக ஆரம்பித்ததை முடித்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டோம் என்று தெரிந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டியதுதான்.

சட்டம் என்றதும் ஒன்று. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்து என்று அதற்குப் பொருள். 2016இல் மத்திய அரசு இந்தக் கோட்டைப் பற்றி ஒரு பிரசாரமே நடத்தியது. சீட்டில்லாமல் தருவது கடைக்குக் குற்றம். ஆனால் உங்கள் ஊரில் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும், மெடிக்கலுக்குப் போனால் அஞ்சு நிமிடம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கடைக்குப் போகவே போகாதீர்கள் என்று உபதேசம் செய்ய மாட்டேன். போனால் மாமாவின் மாத்திரை டப்பாவையும் எடுத்துப் போங்கள், “இதெல்லாம் போடறவருக்குங்க” என்று மேஜையில் வையுங்கள். நல்ல மருந்தாளுநர் டிஜாக்ஸினைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுவார். இல்லாவிட்டால் கடையை மாற்றுங்கள்.

கடைசியாக நீங்கள் எழுதிய செய்தி. ஈசிஜியில் மாமாவின் க்யூடி 478 இருந்தது, பொட்டாசியம் 3.1, குறைந்தது 3.5 இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடிப்பகுதியில் நீர் கோத்திருந்தது. டிஜாக்ஸினை இரண்டு நாள் நிறுத்தி, பொட்டாசியம் சிரப் கொடுத்து, நீர் மாத்திரையைச் சில நாளைக்குக் கூட்டியிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் ராத்திரி அவர் ஒரே தலகாணியில் தூங்கினார் என்று எழுதியிருந்தீர்கள். பத்து நாளில் பொட்டாசியத்தை மறுபடி பார்க்கச் சொல்லியிருப்பார்கள், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டீர்களா?